வைல்ட்வூட் கடற்கரை மோட்டல்கள்: ஒரு குடும்பத் தொழிலின் எழுச்சியும் தளர்ச்சியும்

வரலாற்றுச் சின்னங்கள் என்றதும் கோயில்களையும் கோட்டைகளையுமே நாம் பெரிதும் கருத்திற் கொள்கின்றோம். பொதுமக்கள் விடுமுறையிற் சில நாள் தங்கிச் சென்ற கட்டடங்கள் அவ்வரிசையில் இடம்பெறுவது அரிது. ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்துத் தென்பகுதியில், அத்திலாந்திக் கரையோரத் தீவொன்றில் அமைந்த வைல்ட்வூட் மோட்டல்கள் இத்தகையன. அவற்றின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

மோட்டார், ஹோட்டல் என்னும் இரு சொற்களின் சேர்க்கையே 'மோட்டல்' என்பதாகும். 1925ஆம் ஆண்டிற் கலிபோர்ணியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போவில் ஆதர் ஹைன்மன் என்னும் கட்டடக் கலைஞர் அமைத்த விடுதி இப்பெயரை முதலிற் பெற்றது. வைல்ட்வூட்டில் அதன் பெருவளர்ச்சிக்கு நெடுஞ்சாலையே வழிவகுத்தது. 1950களின் நடுப்பகுதியிற் கார்டன் ஸ்டேட் நெடுஞ்சாலை திறக்கப்பட்டதும், தொழில் நகரங்களின் குடும்பங்கள் சொந்தக் காரிற் கடற்கரைக்கு வருதல் எளிதாயிற்று.

மோட்டலின் அமைப்பே குடும்பத் தொழிலுக்கு இயைந்ததாயிருந்தமை நோக்கற்பாலது. ஒவ்வோர் அறைக்கும் வெளியிலிருந்தே வாயில், வெளித்தாழ்வாரமே நடைவழி, காரை அறையருகே நிறுத்தலாம். உட்கூடமோ சுமை தூக்குவோரோ வேண்டியதில்லை. எனவே கணவனும் மனைவியும் பிள்ளைகளுமே வரவேற்பு, துப்புரவு, கணக்கு ஆகியவற்றைக் கவனித்துக் கொள்ளல் கூடும். பெருநிறுவனங்களோடு போட்டியிடப் போதிய முதல் இல்லாதவிடத்துக் கண்ணைக் கவரும் நியோன் விளக்குகளும் தொலைதேசப் பெயர்களும் விளம்பரமாயின.

1957இல் லூ மோரி கட்டிய 'கரிபியன்' மோட்டல் இதற்குத் தக்க சான்றாகும். பிறைவடிவ நீச்சல் தடாகமும் வளைந்தேறும் சாய்தளமும் பிளாஸ்டிக் பனைமரங்களும், வெளிநாடு செல்ல வசதியற்றோருக்கு வெப்பவலயத் தீவொன்றின் தோற்றத்தை அளித்தன. 1990களின் தொடக்கம் வரை அது முதல் உரிமையாளரின் குடும்பத்திடமே இருந்தது.

பின்னர் நிலத்தின் விலை கட்டடத்தின் வருவாயை விஞ்சிற்று. கோடை மாதங்களில் மட்டுமே நடைபெறும் தொழிலில் முதுமையெய்திய பெற்றோருக்கு அந்நிலமே சேமிப்பாகும். அதனை விற்றோரைப் பழித்தல் முறையன்று. 2000களின் முற்பகுதியிற் பல மோட்டல்கள் இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்தன.

அமெரிக்காவின் தேசிய வரலாற்றிடப் பதிவேட்டில் இடம்பெறுதற்குப் பொதுவாக 50 ஆண்டுப் பழைமை எதிர்பார்க்கப்படும். கரிபியன் 48ஆம் ஆண்டில், 2005இலேயே அதிற் சேர்க்கப்பட்டது. அவ்விதி தளராதிருப்பின், அவ்விரு ஆண்டுகளுக்குள் அதுவும் மறைந்திருத்தல் கூடும். பொதுமக்களின் கட்டடங்கள் பழைமை எய்துமுன்னரே அழிந்துவிடுகின்றன. ஆதலின் அவற்றை ஆராய விழைவோர், அவை 'வரலாறு' ஆகும்வரை காத்திருத்தல் தகாது என்பதே நாம் இங்கு பெறும் முடிபாகும்.