ஸ்பானிய எதிர்காலமும் சொல்லின் எல்லையும்

ஸ்பானிய மொழியின் எதிர்கால வினைமுற்றுகள் இன்று ஒற்றைச் சொற்கள். ஆனால் அவை இரு சொற்கள் கூடிப் பிறந்தவை. அக்கூடலின் தடம் அவற்றின் அழுத்தத்திலும் அசைப்பிரிப்பிலும் இன்றும் காணக்கிடைக்கிறது. (இம்மொழியில் குறில், நெடில் வேறுபாடு இல்லை. ஆகவே இங்கு அழுத்தம் பெறும் அசை நெடிலாகவும் ஏனையவை குறிலாகவும் எழுதப்படுகின்றன. ‘ஆமொ’ என்றால் நேசிக்கிறேன். ‘அமோ’ என்றால் நேசித்தார்.)

இலத்தீனில் ‘அமாபிட்’ நேசிப்பார், ‘அமாவிட்’ நேசித்தார். பேச்சு வழக்கில் உயிர்களுக்கிடையே வந்த ப, வ ஒலிகள் ஒன்றாகக் கலந்தபோது இவ்விரு காலங்களும் மயங்கின. பழைய எதிர்காலம் வழக்கொழிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அதன் இடத்தில் வினையெச்சத்தோடு ‘உடையேன்’ எனப் பொருள்படும் துணைவினை சேர்ந்த தொடர் வேரூன்றியது. ‘அமார்’ + ‘ஏ’ என்பது ‘அமரே’ (நேசிப்பேன்) ஆயிற்று. வினையெச்சம் தன் அழுத்தத்தை இழந்தது. அது துணைவினைக்குச் சென்றது. ஆறு எதிர்கால வடிவங்களிலும் அழுத்தம் இன்றும் அங்கேதான் நிற்கிறது.

அழுத்தம் இடம்பெயர்ந்ததன் விளைவு சில வினைகளில் மேலும் ஆழமாகப் பதிந்தது. அழுத்தம் பெற்ற அசைக்கு முன்நின்ற அகரம் நிலைத்தது. எகரமும் இகரமும் பலவிடங்களில் கெட்டன. ‘பொதேர்’ (இயலுதல்) ‘பொத்ரே’ ஆனது. த்ர இம்மொழியில் அசைமுதலாக வரக்கூடிய மயக்கமாதலால் ‘பொ-த்ரே’ என எளிதாகப் பிரிந்தது. ‘தெனேர்’ (உடைமை) எகரத்தை இழந்தபோதோ ன, ர இரண்டும் அசையெல்லையில் மோதின. ஒரு சாரார் இடையில் தகரம் சேர்த்துத் ‘தெந்த்ரே’ என்றனர். மறுசாரார் ஒலிகளை இடமாற்றித் ‘தெர்னே’ என்றனர். இரண்டும் நெடுங்காலம் உடன்வாழ்ந்து, முன்னதே இறுதியில் நிலைபெற்றது. இடைக்கால நூல்களில் காணப்படும் ‘கொம்ப்ரே’ (உண்பேன்) போன்றவை பின்னர் ஒப்புமையாக்கத்தால் ‘கொமெரே’ என முழுவடிவம் பெற்றன.

உயிர் கெட்டதை நோக்கினால் இது ஒரே சொல். தொடரமைப்போ வேறு சான்று தருகிறது. அதே இடைக்காலத்தில் ‘அமார் லொ ஏ’ (அவனை நேசிப்பேன்) என இரு உறுப்புகளுக்கும் நடுவே பிரதிப்பெயர் புகுந்தது. 1492இல் சலமங்காவில் அச்சேறிய காஸ்தீலிய இலக்கணத்தில் அந்தோனியோ தே நெப்ரிஹா, எதிர்காலம் வினையெச்சமும் துணைவினையின் நிகழ்கால வடிவமும் கொண்டு சுற்றுவழியில் சொல்லப்படுவதாக விளக்கினார். அவர் காலத்தில் அந்த இடைப்புகல் இன்னும் உயிரோடிருந்தது. ஸ்பானியத்தில் அது பின்னர் மறைந்தது; போர்ச்சுக்கீசிய உயர்வழக்கில் இன்றும் உண்டு.

ஒலியமைப்பில் ஒன்றாகிவிட்டது தொடரமைப்பில் பல நூற்றாண்டுகள் இரண்டாகவே இயங்கியிருக்கிறது. ஆகவே ‘சொல்’ என்னும் அலகை ஒரே அளவுகோலால் வரையறுக்க இயலாது. பாடநூல்கள் ‘ஒழுங்கற்றவை’ என ஒதுக்கும் பொத்ரே, தெந்த்ரே முதலியன உண்மையில் ஒலி ஒழுங்கின் எச்சங்கள். அவற்றை மனப்பாடப் பட்டியலாக மட்டும் கற்பிக்கும்போது இவ்வரலாறு மாணவருக்குத் தெரியாமற்போகிறது.