பத்தாவது காங்கிரஸின் இரு தீர்மானங்கள்

1921ஆம் ஆண்டு மார்ச் மாதம் மொஸ்கோவில் கூடிய போல்ஷ்விக் கட்சியின் பத்தாவது காங்கிரஸைப் பற்றிப் பேசும்போது, நம்மிற் பலர் அதன் ஒரு தீர்மானத்தைப் போற்றி, மற்றொன்றை மெல்லக் கடந்து விடுகின்றோம். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் துணிவு நமக்கு வேண்டும்.

உள்நாட்டுப் போரின் நெருக்கடியில், 1919 ஜனவரி முதல், குடியானவரின் உபரித் தானியத்தை அரசு கட்டாயமாக எடுத்து வந்தது. உபரி எதுவென நிர்ணயித்தவரும் எடுத்தவரே. பட்டினி கிடந்த நகரங்களும் செஞ்சேனையும் அதனாற்றான் உயிர் தரித்தன என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால், பறிபோகப் போவதை எவன் விதைப்பான்? குடியானவன் தன் வீட்டுத் தேவையளவுக்கே உழுதான். மேலிடத்திலோ, இன்னும் இறுக்கினால் இன்னும் கிடைக்குமென்ற நம்பிக்கை நீங்கவில்லை. 1920 பெப்ரவரியிலேயே கட்டாயக் கொள்முதலுக்குப் பதிலாக வரி விதிக்கலாமென ட்ரொட்ஸ்கி மத்திய குழுவிடம் முன்மொழிந்தார், குழு நிராகரித்தது. ஓராண்டு வீணாயிற்று. அதற்குள் தம்போவ் மாகாணத்துக் குடியானவர் ஆயுதமேந்தினர். 1917இல் புரட்சியின் பெருமையாக விளங்கிய குரோன்ஸ்டாட் கடற்படைத் தளமே, காங்கிரஸ் கூடிய வேளையிற் கிளர்ந்தெழுந்தது. அதனை அடக்கக் காங்கிரஸின் பிரதிநிதிகளே முந்நூறு பேரளவிற் சென்றனர்.

லெனின் பிடியைத் தளர்த்தினார். கொள்முதல் நீங்கிப் பொருள்வரி வந்தது. வரி போக மிஞ்சுவது குடியானவனுடையது. அவன் அதை விற்கலாம். அவ்வாண்டே வொல்கா பிரதேசத்தைத் தாக்கிய பஞ்சத்தில் பல இலட்சம் பேர் மாண்டனர். அவர்களுக்கு இம்மாற்றம் காலங்கடந்தே வந்தது. எனினும் சில ஆண்டுகளில் தரிசு நிலங்கள் மீண்டும் விளைநிலங்களாயின.

அதே காங்கிரஸ்தான் கட்சிக்குள் தனிக் குழுக்கள் அமைவதையும் தடை செய்தது. மத்திய குழு உறுப்பினரையே வெளியேற்ற வழிசெய்த அதன் ஏழாவது பிரிவு இரகசியமாக வைக்கப்பட்டது. முற்றுகை நிலைமையில் வேறு வழியில்லை என்பார் உளர். முற்றுகை நீங்கியபின்னும் தடை நீங்கவில்லையே! 1924 ஜனவரியில், லெனின் மரணப் படுக்கையிற் கிடக்க, ஸ்டாலின் அவ்விரகசியப் பிரிவை வெளிப்படுத்தினார். குடியானவனை நம்பத் துணிந்த கட்சி, தன் தோழரின் மாற்றுக் கருத்தை நம்பத் துணியவில்லை.

1928 ஜனவரியில் ஸ்டாலின் சைபீரியாவுக்குச் சென்று, தானியத்தை மீண்டும் வற்புறுத்தி எடுப்பித்தார். அதனை எதிர்த்து வாதாடிய புகாரின், 1929 நவம்பரில் அரசியற் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்.