மதுவும் இசையும்: கிரேக்க விருந்தரங்கு பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

மதுவுக்கும் இசைக்குமுள்ள தொடர்பு மனித நாகரிகத்தளவு பழைமையானதென்று பொதுவாகக் கூறப்படும். இக்கூற்றில் உண்மையில்லாமலில்லை, ஆயின் அது எதனையும் விளக்குவதில்லை. மேனாட்டு நகரங்களில் இன்று 'இயற்கை மது' எனப்படும் திராட்சை மதுவகைகள் ஒவ்வொன்றுக்கும் இயைந்த இசையைத் தேர்ந்து, இரண்டையும் ஒருசேர நுகரும் வழக்கம் தோன்றியுள்ளது. இதனைப் போற்றுவோர், நாவும் செவியும் இயல்பாகவே ஒன்றையொன்று நாடுகின்றன என்பர். ஆனால் மனிதனின் ஐம்புலன்களும் வரலாற்றின் விளைபொருள்களே என்பதை மார்க்ஸ் 1844ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படிகளிலேயே எடுத்துக்காட்டினார். எனவே மதுவை ஆக்கியவர் யார், இசைத்தவர் யார், இரண்டையும் துய்த்தவர் யார் என்னும் வினாக்களை முன்வைத்தே இத்தொடர்பை ஆராய்தல் வேண்டும். அதற்குப் பண்டைய கிரேக்கம் தக்க சான்றாகும்.

கிரேக்க மரபின் தொடக்க நிலையை ஹோமரின் காவியங்களிற் காண்கிறோம். ஒடிசியின் எட்டாம் பகுதியில், கண்ணிழந்த பாடகனான டெமடோக்கசு அவைக்கு அழைத்துவரப்படுகிறான். அவனுக்கு இருக்கை இடப்படுகிறது. அவனது யாழ் கைக்கெட்டும் இடத்தில் மாட்டப்படுகிறது. வேண்டும்போது அருந்துமாறு மதுக்கிண்ணம் அருகில் வைக்கப்படுகிறது. ஒடிசியசு தனது இறைச்சிப் பங்கில் ஒரு பகுதியை அவனுக்கு அனுப்புகிறான். இங்கு மது பாடலுக்குரிய விலையன்று. அவையில் பாடகனுக்குரிய இடத்தை உறுதிசெய்யும் பங்கீடு. கரிகாலன் பொருநனுக்கு ஊனும் கள்ளும் அளித்து உபசரித்ததைப் பொருநராற்றுப்படையிற் கற்றோர்க்கு இக்காட்சி புதியதன்று. இரு மரபுகளின் ஒப்புமையைக் கலாநிதி க. கைலாசபதி 1968ஆம் ஆண்டு வெளியான தமது ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளமை அறிஞர் அறிந்ததே.

அடுத்த நிலையில், உயர்குடியினரின் விருந்தரங்காகிய 'சிம்போசியன்' தோன்றிற்று. கிரேக்கத்தில் இச்சொல் 'கூடிக் குடித்தல்' என்றே பொருள்படும். உணவு முடிந்தபின், ஆடவர் மட்டும் கட்டில்களிற் சாய்ந்தவாறு மது அருந்துவர். தலைவனாகத் தெரிவுசெய்யப்பட்டவன், மதுவுடன் எத்துணை நீர் கலத்தல் வேண்டுமென்று விதிப்பான். நீர் கலவா மதுவை அருந்துதல் அநாகரிகர் செயலெனக் கருதப்பட்டது. தெய்வங்களுக்கு மது வார்த்துத் துதிப்பாடல் பாடிய பின்னர், நறுங்கொழுந்துக் கிளையொன்றைக் கைமாற்றி ஒருவர்பின் ஒருவராகப் பாடுவர். இங்கு தனிப் பாடகன் இல்லை, துய்ப்போரே பாடுவோர்.

இதனைச் சமத்துவமென மயங்குதல் கூடாது. பாடத் தெரிதல் வர்க்க அடையாளமாயிற்று. யாழை மீட்டத் தெரியாமை பற்றித் தெமிஸ்தோக்கிளிசு இகழப்பட்டான் எனவும், சிறிய நகரைப் பெரிதாக்கத் தனக்குத் தெரியுமென அவன் விடையிறுத்தான் எனவும் புளூட்டார்க் கூறுவர். அரிஸ்டோபனிசு கி.மு. 422இல் அரங்கேற்றிய 'குளவிகள்' என்னும் நாடகம் இதனை இன்னும் தெளிவாக்குகிறது. நீதிமன்ற யூரருக்குரிய மூன்று ஒபல் கூலியில் நாட்டங்கொண்ட முதியவனுக்கு, விருந்தரங்கிற் சாய்வது எவ்வாறு, பாடலைத் தொடர்வது எவ்வாறு என அவன் மகன் கற்பிக்கிறான். நகைச்சுவையின் அடித்தளத்திலிருப்பது வர்க்க வேறுபாடே.

பாடுவோர் துய்ப்போராயிருந்தபோதும், குழலை இசைத்தவர் வேறு. 'ஔலொசு' என்னும் இரட்டைக் குழலை வாசித்தோர் பெரும்பாலும் அடிமைப் பெண்கள் அல்லது கூலிக்கு அமர்த்தப்பட்ட பெண்கள். குடிமக்களின் மனைவியரும் புதல்வியரும் கலந்துகொள்ளாத அரங்கில் இவர்களே இருந்தனர். அரிஸ்டோட்டிலின் பெயரால் வழங்கும் 'அதீனியர் அரசமைப்பு' இங்கு மிகப் பயனுள்ள செய்தியொன்றைத் தருகிறது. குழலும் யாழும் இசைக்கும் பெண்கள் இரண்டு திராக்மாவுக்கு மேற்பட்ட தொகைக்கு அமர்த்தப்படாதவாறு நகர அதிகாரிகள் பார்த்துக்கொள்வர்; ஒருத்தியையே பலர் கோரின் சீட்டுக் குலுக்கித் தீர்ப்பர். அதே நூல் யூரரின் நாட்கூலி மூன்று ஒபல் என்கிறது. ஆறு ஒபல் ஒரு திராக்மா. ஆதலின் ஒரு விருந்தின் இசைக்குரிய உச்சவிலை யூரர் ஒருவரின் நான்கு நாட் கூலிக்குச் சமம். இசைத்தவள் அடிமையாயின் அத்தொகையும் உடைமையாளனையே சேரும். இந்த உச்சவரம்பு விதிக்கப்பட்டது இசைப்போரின் நலங்கருதியன்று, அமர்த்துவோரின் நலங்கருதியே என்பது மனங்கொள்ளத்தக்கது.

கிண்ணத்திலிருந்த மதுவின் வரலாறும் இத்தகையதே. சிறந்த மதுவுக்குப் புகழ்பெற்ற தீவுகளுள் கியொசு ஒன்று. ஸ்பார்ட்டா நீங்கலாக வேறெந்த நகரிலும் கியொசில் இருந்தளவு அடிமைகள் இல்லையெனத் துசிடிடிசு குறிப்பிடுகிறார். விலைக்கு வாங்கிய அடிமைகளை முதலிற் பயன்படுத்திய கிரேக்கர் அத்தீவினரே எனத் தியோபொம்பசு கூறியுள்ளார். கொடியை நட்ட கையும் குழலைப் பற்றிய கையும் பெரிதும் ஒரே வர்க்கத்தின் கைகளாகும்.

இந்நிலையிலேயே மது–இசை இயைபு தத்துவமாக வகுக்கப்பட்டது. பிளேட்டோ 'குடியரசு' நூலில், குடியரங்குகளுக்கு உரியவையென அயோனிய, லிடியப் பண்கள் சிலவற்றை விலக்கி, டோரிய, பிரிஜியப் பண்களை மட்டுமே ஏற்கிறார். 'சட்டங்கள்' நூலில் பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு மது முற்றாக மறுக்கப்படுகிறது. முப்பது வரை அளவோடு அனுமதிக்கப்படுகிறது. நாற்பதைக் கடந்தோர்க்கோ, கூச்சம் நீங்கிப் பாடும்பொருட்டு அது மருந்தாக வழங்கப்படுகிறது. உயர்குடி ஒழுங்கு தளர்ந்த காலத்தில், எந்த மதுவுக்கு எந்த இசை என்னும் வினா, யார் எந்தளவு உணர்ச்சிவசப்படலாம் என்னும் அரசியல் வினாவாயிற்று.

இவற்றுக்கு எதிர்நிலையில் மதுத்தெய்வமாகிய டயனீசியசின் நகர்விழா நின்றது. அங்கு பத்துக் குலப்பிரிவுகளிலிருந்தும் ஆடவரும் சிறுவருமாக, ஐம்பதின்மர் கொண்ட இருபது குழுக்கள் பாடின. உழவர் சடங்குகளிற் கால்கொண்ட இவ்விழாவிலிருந்தே துன்பியல் நாடகம் தழைத்ததென்பதை ஜோர்ஜ் தொம்சன் 1941ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஏஸ்கிலசும் அதென்சும்' என்ற நூலில் விளக்கினார். எனினும் அக்குழுக்களிற் பாடியவர் குடிமக்களே; அடிமைகளல்லர். அதென்சின் சனநாயகத்திற்கிருந்த எல்லையே அதன் இசைக்கும் எல்லையாயிற்று.

மதுவும் இசையும் பண்டங்களாகக் கடல்கடந்தமைக்குக் கி.பி. முதலாம் நூற்றாண்டுக்குரிய 'எரித்திரேயக் கடல் பெரிப்ளூசு' சான்று பகர்கிறது. பாரிகசா எனும் துறைக்கு அரசனுக்கென இறக்கப்பட்டவற்றுள் இசை வல்ல அடிமைகளும் உயர்ந்த மதுவும் ஒரே பட்டியலில் இடம்பெறுகின்றன. தமிழகத்திலும் இதன் தாக்கத்தைக் காணலாம். புறநானூற்றின் 56ஆம் செய்யுளில் நக்கீரர், யவனர் நன்கலங்களிற் கொணர்ந்த தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தப் பாண்டியன் நன்மாறன் மகிழ்வதைப் பாடுகிறார். 1945இல் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டிற் கிடைத்த மதுச்சாடிகளின் உடைந்த ஓடுகள் இவ்வணிகத்தை உறுதிப்படுத்துகின்றன. இதனை 235ஆம் செய்யுளோடு ஒப்புநோக்குதல் பயன்தரும். அதியமானை இழந்த ஔவையார், கள் சிறிதாயின் அதனைப் பாடுநர்க்கே ஈந்தவனாகவும், பெரிதாயின் பாட்டுடன் கூடி உண்டவனாகவும் அவனை நினைவுகூர்கிறார். குறுநிலத் தலைவனின் கள் பங்கிடப்பட்டது. வேந்தனின் தேறல் அவனைப் பிறரிலிருந்து வேறுபடுத்தியது. இரு செய்யுள்களுக்கும் இடைப்பட்ட தொலைவை, இனக்குழுப் பங்கீட்டிற்கும் வேந்தர் ஆடம்பரத்திற்கும் இடைப்பட்ட தொலைவாகக் கொள்ளலாம்.

இன்றைய வழக்கத்தையும் இப்பின்னணியில் வைத்தே மதிப்பிடுதல் தகும். இயற்கை மது பழமைக்குத் திரும்புவதாகக் கூறப்படுகிறது. பண்டைய மது இயற்கை நொதியினால் விளைந்ததென்பது உண்மையே. ஆயின் பிசினும் கடல்நீரும் அதிற் கலக்கப்பட்டன. கோசுத் தீவின் மதுவைப் போலச் செய்வதற்குக் கடல்நீரைச் சேர்க்கும் முறையைக் காட்டோ தமது வேளாண் நூலில் எழுதிவைத்துள்ளார். கலப்பற்ற பழமை என்பது பெரிதும் இன்றைய சந்தையின் கற்பனை. அதேபோன்று, இங்கிலாந்தின் அங்காடியொன்றில் பிரெஞ்சு இசை ஒலித்த நாட்களில் பிரெஞ்சு மது மிகுதியாக விற்பனையானதென 'நேச்சர்' சஞ்சிகை 1997இல் வெளியிட்ட ஆய்வு காட்டிற்று. செவியும் நாவும் இயைந்தன எனலாம். அவ்வியைபாற் பயனடைந்தது விற்பனையே என்பதும் உடன்கூறப்படல் வேண்டும்.

மதுவையும் இசையையும் இயைத்தல் தவறென்பது எமது வாதமன்று. பங்கிடப்பட்டபோது அவ்வியைபு மனித உறவை வளர்த்தது. உடைமையானபோது மனிதரைப் பிரித்தது. இரசனையின் வரலாற்றை எழுதுவோர் கிண்ணத்தை ஏந்தியவரை மட்டுமன்றி, அதனை நிரப்பியவரையும் குழலூதியவரையும் அவ்வரலாற்றினுட் கொணர்தல் இன்றியமையாததாகும்.