ராட் (பழைய ஆங்கில வினை வடிவம்)

ராட் என்பது 'வேலை செய்' என்று பொருள்படும் 'வொர்க்' என்னும் ஆங்கில வினையின் பழைய இறந்தகால வடிவமும் எச்ச வடிவமும் ஆகும். இன்றைய வழக்கில் இதன் இடத்தை 'வொர்க்ட்' பிடித்துக்கொண்டது.

தோற்றம்: பழைய ஆங்கிலத்தில் இவ்வினை 'வ்யுர்ச்சன்'; இறந்தகாலம் 'வொர்ஹ்டெ'. இடைக்கால ஆங்கிலத்தில் ரகரமும் அதை ஒட்டிய உயிரும் இடம் மாறி, இறந்தகால வடிவம் 'வ்ரொஹ்ட்' என்றாயிற்று. ஒளிமிக்கது என்னும் பொருளுடைய 'பிரைட்' என்ற சொல்லிலும் இதே இடமாற்றம் நிகழ்ந்தது. பின்னர் தொடக்க வகரமும் நடுவிலிருந்த ஹகர ஒலியும் பேச்சில் மறைந்தன. எழுத்தில் மட்டும் அவற்றின் தடம் நிற்கிறது.

உறவுச் சொற்கள்: இவ்வினையின் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்தே செயலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான 'எர்கோன்' பிறந்தது, 'எனர்ஜி' அதன் வழி வந்தது. நாடக ஆசிரியரைக் குறிக்கும் 'பிளேரைட்' என்பதன் பின்பகுதியும் இக்குடும்பமே. அதற்குச் 'செய்பவர்' என்று பொருள்.

வழக்கு: ஒழுங்கு வடிவமான 'வொர்க்ட்' 15ஆம் நூற்றாண்டிலிருந்து பரவியது. ஆயினும் 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலியம் பழைய வடிவத்தைக் காத்தது. 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குச் சாமுவேல் மோர்ஸ் அனுப்பிய புகழ்பெற்ற தந்திச் செய்தி, இவ்விவிலியத்தின் எண்ணாகம நூலிலிருந்து எடுத்த வரி. அதன் இறுதிச் சொல் 'ராட்'. சம்மட்டியால் அடித்து உருவாக்கப்படும் தேனிரும்பின் ஆங்கிலப் பெயரான 'ராட் அயர்ன்' இன்றும் அன்றாட வழக்கில் உள்ளது.

திரிபுணர்வு: பேரழிவை விளைவித்தலைக் குறிக்கும் 'ரீக்' என்னும் வினையின் இறந்தகாலமாக இதைக் கருதுவது தவறு. அது வேறு வேர். அதன் இறந்தகாலம் 'ரீக்ட்'.