குடும்ப அட்டையில் இல்லாத பிள்ளை

கல்லூரி விண்ணப்பத்தில் ‘குடியுரிமை’ என்ற கட்டத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் நிரப்பிக்கொண்டு வந்தாள் என் அத்தையின் பேத்தி. “இதுல என்ன சித்தி எழுதறது?” என்றாள். பெரம்பலூர் துறைமங்கலம் முகாமில் வளர்ந்தவள். 2006-இல் பெரம்பலூரில் பிறந்ததற்குச் சான்றிதழ் வைத்திருக்கிறாள். அவளுடைய அப்பாயி, அதாவது என் அத்தை, இந்தியக் குடிமகள். அத்தை பெற்ற மகனோ இலங்கை அகதி. அந்தக் கட்டத்துக்கு என்னிடமும் பதில் இல்லை.

பெரம்பலூரும் அரியலூரும் 1995 வரை திருச்சி மாவட்டத்தில் இருந்தவை. இந்த வானம் பார்த்த பூமியிலிருந்து கங்காணிகளின் பின்னால் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் என் அப்பாயியின் அக்காவும் ஒருத்தி. அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தார். அத்தை அங்கேதான் பிறந்தார்.

1948-இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம், ஒருவரின் தகப்பன் எங்கே பிறந்தான், அவனுடைய தகப்பன் எங்கே பிறந்தான் என்று கேட்டது. கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் அவர்கள் எங்கே பிறந்தார்கள் என்பது அந்தச் சட்டத்துக்குத் தேவைப்படவில்லை. இலட்சக்கணக்கானவர்கள் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி பிறகு பார்த்துக்கொள்ளலாம். தோட்டத்து மக்களை யாரும் கலந்துகொள்ளவில்லை. 1967-இல் வந்த சட்டம் ஏழு பேருக்கு நான்கு பேர் என்று விகிதமும் வைத்தது. பாகப்பிரிவினையில் ஆடு மாடுகளைப் பிரிப்பதுகூட இதைவிட யோசித்து நடக்கும்.

அத்தையின் தகப்பனார் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். வயது வராத மகளின் பெயரும் அதில் இருந்தது. இடையில் அத்தைக்குக் கல்யாணமாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் இலங்கைக் குடியுரிமை பெற்றவர்கள். 1975-இல் பையன் பிறந்தான். அத்தைக்கு இந்தியக் கடவுச்சீட்டு வந்தபோது பையன் கைக்குழந்தை. இலங்கைச் சட்டப்படி அவன் தகப்பன் நாட்டுப் பிள்ளை. இந்தியாவின் 1955 சட்டத்திலும் நான்காம் பிரிவு, வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தகப்பன் இந்தியனா என்று மட்டுமே கேட்டது. இரண்டு நாடுகளும் முரண்படாமல் ஒத்துப்போன இடம் இது.

1979-இல் விசா முடிந்தது. நாலு வயதுப் பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு, பெற்றோருடன் கோச்சி ஏறித் தலைமன்னார் வந்து, கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தார் அத்தை. புருஷன் பிள்ளையோடு பின்னால் வருவதாகப் பேச்சு. அவர்கள் வந்தது 1983 கலவரத்துக்குப் பிறகு, படகில், அகதிகளாக. மண்டபத்தில் பதிந்து, முகாம் மாறி மாறித் துறைமங்கலம் வந்தார்கள். தாய் அரியலூர் பக்கத்துக் கிராமத்தில், மகன் பெரம்பலூர் முகாமில். இடையில் முப்பது கிலோமீட்டர் சொச்சம். தாயின் குடும்ப அட்டையில் மகன் பெயர் கிடையாது, மகனின் முகாம் அட்டையில் தாய் பெயர் கிடையாது. தணிக்கை நாளில் பெயர் கூப்பிடும்போது அத்தை முகாமுக்கு வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பாராம்.

நான் இந்தச் சட்டங்களைத் தேடிப் படித்தது பேத்தியின் விண்ணப்பத்துக்குப் பிறகுதான். படித்ததில் ஒன்று இன்னும் உறுத்துகிறது. அதே 1955 சட்டத்தின் ஐந்தாம் பிரிவு, இந்தியக் குடிமக்களின் வயது வராத பிள்ளைகளைக் குடிமக்களாகப் பதிந்துகொள்ள இடம் தருகிறது. அங்கே தகப்பன் என்ற நிபந்தனை இல்லை. பையன் வந்திறங்கியபோது வயது ஒன்பது. பதினெட்டு ஆகும்வரை காகிதத்திலாவது அந்த வழி இருந்தது. கைநாட்டு வைக்கும் அத்தைக்கு அதை யாரும் சொல்லவில்லை. பட்டப்படிப்பு முடித்திருந்த என் அப்பாவும் சொல்லவில்லை. அவருக்கும் தெரியாது.

1992 டிசம்பர் 10 முதல், தாய் இந்தியர் என்றாலும் வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை இந்தியர் என்று நான்காம் பிரிவு மாறியது. மறுநாள், டிசம்பர் 11, ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் இந்தியா இணைந்தது. பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாகப் பிள்ளையைப் பிரிக்கக் கூடாது, பிள்ளையின் நலனுக்காகப் பிரிக்க நேர்ந்தாலும் அது நீதிமன்றப் பரிசீலனைக்கு உட்பட்டது என்கிறது அதன் ஒன்பதாம் உறுப்பு. பையனுக்கு அப்போது பதினேழு. புதிய திருத்தமோ அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்தவர்களுக்கு மட்டும்.

பேத்தியின் கதை வேறு. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால் அதுவே போதும். அப்படி 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு வழங்கச் சொல்லி 2022-இல் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தார். 2004-க்குப் பின் பிறந்தவளுக்கு அந்தக் கதவு இல்லை. 2019 திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிந்த இலங்கைத் தமிழரை ஆவணம் இல்லாததற்காகத் தண்டிப்பதில்லை என்று 2025 செப்டம்பரில் ஓர் ஆணை வந்தது. தண்டனை இல்லை, அவ்வளவுதான்.

வழக்கறிஞர் ஒருவரிடம் போனோம். தாய் வழியாக ஏதாவது வாதாட முடியுமா என்று பார்க்க, மச்சானின் பிறப்புப் பதிவு வேண்டுமாம். அட்டனுக்கு எழுதிப் போட்டிருக்கிறோம். தகப்பன் பெயரைச் சொல்லித்தான் தேடச் சொல்லியிருக்கிறோம். பதிவேட்டில் அப்படித்தான் தேட முடியுமாம்.