டோலி தூக்க ஆள்: 12

1971 டிசம்பர் 3. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஒரு எட்டாம் வகுப்பு. டான் ராவிட்ச் என்ற பயிற்சி ஆசிரியர் பிள்ளைகள் முன்னால் ஒரு டெலிடைப் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். திரையெல்லாம் கிடையாது. கம்ப்யூட்டர் வேறெங்கோ இருந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக வந்த பதில் காகிதத்தில் டடடடவென்று அச்சாகி விழுந்தது. மாட்டு வண்டி கட்டி மேற்கே குடியேறப் போன 19ஆம் நூற்றாண்டுக் குடும்பம் நீங்கள். மாட்டுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, தோட்டாவுக்கு எவ்வளவு என்று காசைப் பிரிக்க வேண்டும். வேட்டையாட ஒரு சொல்லை வேகமாகத் தட்டச்சு செய்ய வேண்டும். தாமதித்தால் பட்டினி.

அதுதான் 'ஆரிகன் டிரெய்ல்'. ராவிட்சும் அவருடைய நண்பர்கள் பில் ஹைனமன், பால் டிலன்பர்கர் இருவரும் இரண்டே வாரத்தில் எழுதியது. பருவம் முடிந்ததும் கம்ப்யூட்டரிலிருந்து அதை அழித்துவிட்டார்கள். கையில் மிஞ்சியது நிரலின் காகிதப் பிரதி மட்டும். 1974இல் மினசோட்டாவின் கல்விக் கணினி அமைப்பில் வேலைக்குச் சேர்ந்த ராவிட்ச் அதை மறுபடியும் வரிவரியாக அடித்தார். இந்த முறை பழைய பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, நோய் வர, மழை பிடிக்க எவ்வளவு வாய்ப்பு என்ற எண்களையும் திருத்தினார். ஒரு வரலாற்று ஆசிரியர் ஆவணத்தை எண்ணாக மாற்றிய தருணம் அது.

நம் ஊரிலும் 1984இல் 'கிளாஸ்' என்ற மத்திய அரசுத் திட்டம் சுமார் 250 பள்ளிகளில் பிபிசி மைக்ரோ கணினிகளை இறக்கியது. ஆனால் நான் படித்த காலத்திலும் கம்ப்யூட்டர் ரூம் என்பது செருப்பைக் கழற்றிவிட்டுப் போகும் சந்நிதிதான். கேம் ஆடுனா வெளியே நிக்கணும். பரமபதம் ஆடிப் பாவ புண்ணியம் கற்ற ஊருக்கு இந்த விலக்கு எப்படி வந்ததோ!

இதெல்லாம் சேர்ந்துதான் போன வருடம் என்னை ஒரு வேலையில் இறக்கியது. கீழ்ப்பழனி மலையில் ஒரு சின்னப் பள்ளியின் ஏழாம் வகுப்புக்காக, கொடைக்கானலுக்கு ஏறும் பழைய பாதையை வைத்து ஒரு கேம் எழுதினேன்.

விஷயம் இருந்தது. 1821இல் லெப்டினன்ட் வார்டு இந்த மலையை அளந்தார். மதுரையின் வெயிலிலும் நோயிலும் ஆட்களை இழந்த அமெரிக்க மிஷனரிகள் 1845இல் மேலே வீடுகள் கட்டினார்கள். 1863இல் லெவின்ஜ் ஓடைக்குக் கரை போட்டு ஏரியை உண்டாக்கினார். 1875இல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது. இன்றைய கொடைக்கானல் ரோடு. அங்கே இறங்கி, மாட்டு வண்டியில் பெரியகுளம் பக்கம் வந்து, கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வரை ஏற வேண்டும். மோட்டார் சாலை திறக்கும்வரை இதுதான் முக்கியமான வழி. நடக்க முடியாதவர்கள், நடக்க விரும்பாதவர்கள் டோலியில் போனார்கள். பாதையின் பெயரே 'கூலி காட்'.

என் கேமில் நீங்கள் ஒரு துரை. ரூபாய் இருக்கும், அரிசி இருக்கும், மழை வரும், காய்ச்சல் வரும். பட்டியலில் ஒரு வரி: டோலி தூக்க ஆள்: 12. ஒருவர் வழுக்கி விழுந்தால் 11. நிரலில் அது ஒரு முழு எண், அவ்வளவுதான்.

இரண்டாவது சுற்றில் ஒரு பெண் கை தூக்கினாள். "சார், தூக்குறவங்களா ஆட முடியாதா?"

"ஏன்மா?"

"எங்க அப்பத்தாவோட தாத்தா டோலி தூக்குனவராம் சார்."

முடியாது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. அந்த 12 பேருக்கு நான் எந்த முடிவையும் வைக்கவில்லை. எங்கே தோள் மாற்றுவது, எங்கே இறக்கிவைப்பது, மழையில் ஏற மாட்டோம் என்று சொல்வதா வேண்டாமா, கூலி யார் கையில் வரும்? அன்றிரவு உட்கார்ந்து எழுதப் பார்த்தேன். ராவிட்சுக்கு உதவியது பயணிகளின் நாட்குறிப்பு. நான் படித்த குறிப்புகள் எல்லாம் டோலிக்குள் உட்கார்ந்திருந்தவர்கள் எழுதியவை. அவர்களுக்குக் குளிர்ந்த காற்று பட்ட இடம் தெரியும். தோள் காய்த்த இடம் தெரியாது. இந்தக் காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியர்கள் என் கேமில் ஒரு முழு எண்ணாகக்கூட இல்லை.

ஆரிகன் டிரெய்லுக்கும் இதே கேள்வி வந்தது. பல தலைமுறைப் பிள்ளைகள் குடியேறிகளாகவே ஆடிய பிறகு, 2019இல் எலிசபெத் லபென்சே குழுவினர் 'வென் ரிவர்ஸ் வேர் டிரெய்ல்ஸ்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார்கள். அதில் நீங்கள் 1890களில் நிலத்தை இழந்து மேற்கே நகரும் அனிஷினாபே இனத்தவர். வண்டி கட்டி வருகிறவர் வேறு யாரோ.

பாடப்புத்தகம் ஒருவரை விட்டுவிட்டால் அது ஒரு விடுபடல். விளையாட்டு விட்டுவிட்டால் பிள்ளை அந்த ஆளை எண்ணிக் கழிக்கவும் பழகிவிடுகிறது. வகுப்பறைக்குக் கேம் வேண்டாம் என்று இதனால் நான் சொல்ல மாட்டேன். பாடப்புத்தகத்தைப் பார்த்து அந்தப் பெண் இப்படிக் கை தூக்கியிருப்பாளா, தெரியவில்லை.

அடுத்த வாரம் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க வேண்டிய கேள்விகளைப் பிள்ளைகளே நோட்டில் எழுதினார்கள். முதல் கேள்வி அவளுடையது: இறங்கி வரும்போது டோலி காலியாக இருந்ததா, இல்லை அதிலும் யாராவது உட்கார்ந்திருந்தார்களா?

என்னிடம் பதில் இல்லை. நிரலில் அந்த இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.