பாலத்துக்கு அங்கால

1995 இடப்பெயர்வைப் பற்றி எங்கட வீடுகளில் கதை தொடங்கினால், பெரும்பாலும் அது நாவற்குழிப் பாலத்தோட முடிஞ்சிடும். ஒக்ரோபர் 30 பின்னேரம் ஒலிபெருக்கி அறிவித்தல், மழை, சைக்கிள் கரியரில் கட்டிய மூட்டை, செம்மணி வெளியில் நகர முடியாமல் நிண்ட சனம். இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நாங்கள். ஆனா பாலத்துக்கு அங்கால என்ன நடந்தது? வந்த சனத்தைத் தென்மராட்சி எங்கே வைத்தது?

ஒக்ரோபர் 17இல் இராணுவம் 'ரிவிரெச' நடவடிக்கையைத் தொடங்கியிருந்தது. வலிகாமத்தை விட்டு எல்லாரும் வெளியேற வேண்டும் என்று புலிகள் அறிவித்ததும், நாலைந்து லட்சம் பேர் வீதிக்கு வந்தார்கள். கொஞ்சப் பேர் வடமராட்சிக்குப் போக, மிச்சச் சனம் சாவகச்சேரி, கொடிகாமம் பக்கம் போனது. கிளாலிக் கடலேரியைத் தாண்டி வன்னிக்குப் போனவர்களும் ஏராளம். ஒரேயொரு பிரதேச செயலகப் பிரிவுக்குள் ஒரு நகரமே வந்து இறங்கியது என்று நினைத்துப் பாருங்கள்.

முதலில் திறந்தது பள்ளிக்கூடக் கதவுகள்தான். வகுப்பறைகள் நிரம்ப விறாந்தைகள், பிறகு கோயில் மண்டபங்கள், தேவாலயங்கள், கடைசியில் தென்னங்காணிகளில் ஓலைக் கொட்டில்கள். பள்ளிக்கூடம் முகாமானால் படிப்பு நிண்டுபோகும். வந்த பிள்ளைக்கு மட்டுமில்லை, அந்த ஊர்ப் பிள்ளைக்கும்தான். பிறகு மரநிழலிலும், ஒரே கட்டடத்தில் நேரம் பிரித்தும் வகுப்புகள் நடந்தன. அனுமதிக்காக இண்டைக்கும் பெற்றோர் அலையிற பெரிய பெயர்களைக் கொண்ட நகரப் பாடசாலைகள், கிராமப் பள்ளிக்கூடத்தின் வாங்குகளில் இடம் கேட்டு நிண்ட காலம் அது. அந்தப் பாடசாலைகளின் மலர்களில் இதைக் கொஞ்சம் கூடுதலாக எழுதியிருக்கலாம்.

கிணறு இன்னொரு கதை. ஒரு குடும்பம் பாவிச்ச கிணத்தில் நூறு பேர் அள்ளினால் தண்ணி கலங்கும், மலசலகூடம் நிரம்பும், முகமும் சுளிக்கும். அதோட, யார் எந்தக் கிணத்தில் அள்ளலாம் என்று சாதி வகுத்து வைத்திருந்த ஊர்கள் இவை. அந்த நெருக்கடியில் அது கொஞ்சம் இளகியது. கரைஞ்சு போச்சுது எண்டு சொல்ல எங்களுக்கு மனம் வரேல்ல. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து துரத்தப்பட்டவர்களில் கால் நூற்றாண்டுக்குப் பிறகும் முகாமில் இருந்தவர்கள் யார் என்று பார்த்தாலே விளங்கும். பெரும்பாலும் காணியில்லாதவர்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர்.

இன்னொரு ஒக்ரோபர் 30உம் இருக்கு. 1990இல் அதே நாளில் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 பேரில் பெரும்பகுதியினர் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். அங்கேயும் இதே கதைதான்: நெரிசலான வகுப்பறை, தண்ணி, கூலிவேலைக்குப் போட்டி. ஆரம்பத்தில் சோறு கொடுத்து வரவேற்ற ஊரில், காலம் போகப்போக 'அகதி' என்ற சொல் வசவாக மாறியது. தென்மராட்சியில் அது அந்தளவுக்குப் போகாததற்கு உறவுமுறை ஒரு காரணம் எண்டால், காலம் பெரிய காரணம். 1996 ஏப்ரலில் இராணுவம் தென்மராட்சியையும் பிடிக்க, வந்த சனத்தில் பெருந்தொகையானோர் ஆறு மாதத்திலேயே வலிகாமம் திரும்பினார்கள். புத்தளம் போனவர்களுக்கு அந்த ஆறு மாதம் இருபது வருசமானது.

2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரம் தரைமட்டமானது. இந்தமுறை தென்மராட்சிச் சனம் மூட்டையோட பாலத்தைத் தாண்டி வலிகாமத்துக்கு வந்தது. அவர்களுக்கு எங்கட ஊர்கள் எப்படி இடம் கொடுத்தன என்பதை வீட்டில யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. உங்கட வீட்டில கேட்டுப் பாருங்கோ.